ஒரே கூரையின் கீழ் இரண்டு வரிசை: ஒப்பந்தத் தொழிலாளருக்கு ‘இது நம் ஆலை’ என்ற எண்ணம் எப்படி வரும்?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். தொழிலாளர்களிடம் ‘இது நம் நிறுவனம்’ என்ற உணர்வு குறைந்துவிட்டது, வேலையை விட்டுச் செல்வோர் அதிகமாகிவிட்டார்கள், இதற்கு ஒரு திட்டம் எழுதித் தாருங்கள் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. ஆண்டுக்கொரு குடும்ப விழா, நிறுவனச் சின்னம் பொறித்த பனியன், மாதந்தோறும் சிறந்த தொழிலாளிக்குப் பரிசு என்று முன்மாதிரிக்காக ஒரு பட்டியலும் தந்திருக்கிறார்கள்.

எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் ஆலையில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்கள். நிரந்தரத் தொழிலாளருக்கு நீலச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளருக்குச் சாம்பல் நிறச் சட்டை. பேருந்து வேறு, கேன்டீனில் சாப்பிடும் நேரம் வேறு, உணவுக்குப் பிடிக்கும் தொகையும் வேறு. ஆயுத பூஜையன்று ஒரே இயந்திரத்துக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைக்கும் இருவரில் ஒருவருக்கு இனிப்புப் பெட்டியும் மற்றவருக்குப் பொரிப் பொட்டலமும் கிடைக்கின்றன. இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு பனியன் கொடுத்து என்ன பயன் என்று கேட்டால், ‘அதெல்லாம் சட்டச் சிக்கல், அதைத் தொடாதீர்கள்’ என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய பெரம்பூரான் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. ஓர் ஆலையில் தொழிலாளி தன்னை யாராக நினைத்துக்கொள்கிறான் என்று தெரிய வேண்டுமானால், அவன் எங்கே உட்கார்ந்து, எப்போது, யாரோடு சாப்பிடுகிறான் என்று பார்க்க வேண்டும். நான் பொருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சங்கத்திலும் இருந்தவன். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அச்சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியாவிடம் சொன்ன குறைகளில் முதன்மையான ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. கூலிக் குறைவு அவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? ஆனாலும் கை கழுவிச் சோறு தின்று திரும்புவதற்குள் கதவு மூடிவிடும் என்ற அச்சத்தோடு தினமும் ஓடுபவனுக்கு, தன்னை அங்கே மனிதனாக மதிக்கவில்லை என்பது கூலி நாளன்று மட்டுமல்ல, ஒவ்வொரு நாளும் நினைவூட்டப்படுகிறது.

நிரந்தரத் தொழிலாளர் முதல் பந்தி, ஒப்பந்தத் தொழிலாளர் இரண்டாம் பந்தி என்று வைத்த ஆலைகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பந்திக்கு வருகிறவருக்குப் பொரியல் தீர்ந்திருக்கும், சாம்பாரில் காய் இருக்காது, மேசை துடைக்கப்பட்டிருக்காது. யாரும் திட்டமிட்டு அவமதித்ததில்லை. வரிசையை அப்படி அமைத்தால் அப்படித்தான் முடியும். உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் சாப்பாட்டு நேரத்தை ஒன்றாக்குங்கள் என்று எழுதுங்கள். குடும்ப விழாவைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளலாம், எழுதாமலும் விடலாம்.

லேத்துக்காரர் எழுதியது:

பெரியவர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. கோவை குறிச்சிப் பக்கம் சிறிய பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டையின் நிறத்தை நிர்வாகம் திமிரினால் பிரிக்கவில்லை, பயத்தினால் பிரிக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு நீங்களே சீருடை கொடுத்து, நீங்களே அடையாள அட்டை கொடுத்து, நிரந்தரத் தொழிலாளரோடு சேர்த்து உட்கார வைத்தால், நாளைக்கு அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய் ‘ஒப்பந்ததாரர் பெயருக்குத்தான், என் உண்மையான முதலாளி இவர்கள்தாம்’ என்று சொல்வார், அதற்கு நீங்கள் கொடுத்த அட்டையே சாட்சியாகும் என்று எங்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் எச்சரிக்கிறார்கள். 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் தலைக்கு மேல் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எந்த முதலாளி துணிந்து எல்லாரும் ஒன்று என்று சொல்வார்?

இன்னொன்று. என் பட்டறையில் இந்தச் சிக்கலே இல்லை. ஆள் குறைவு. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு குடும்பம் போலத்தான் நடக்கிறோம்.

வழக்குமன்ற வாசல் எழுதியது:

லேத்துக்காரர் ஐயா சொன்ன பயம் உண்மையானது, ஆனால் அது தவறான இடத்தில் காவல் நிற்கிறது. தொழிலாளர் வழக்குகளில் இரு தரப்புக்கும் வாதாடியிருக்கிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒப்பந்த முறை வெறும் போர்வை என்று மெய்ப்பிக்கப்பட்டால் அந்தத் தொழிலாளரை முதன்மை வேலையளிப்பவரின், அதாவது ஒப்பந்ததாரர் வழியாக ஆள் எடுக்கும் ஆலையின், தொழிலாளராகவே கொள்ள வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2001ஆம் ஆண்டு ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் தெளிவுபடுத்தியது. ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்ட உடனே தானாகவே நிரந்தரம் கிடைத்துவிடாது என்று அதே தீர்ப்புதான் சொன்னது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிறகு 2014இல் ஏர் இந்தியா கேன்டீன் தொழிலாளர் வழக்கில், எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் எடுத்துரைத்தது: வேலைக்கு எடுத்தவர் யார், ஊதியம் தருபவர் யார், நீக்கும் அதிகாரம் யாரிடம், ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவர் யார், வேலை தொடர்ச்சியானதா, கட்டுப்பாடும் மேற்பார்வையும் யாருடையவை. எந்த மேசையில் சாப்பிட்டார் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மேற்பார்வையாளர்தான் அன்றாடம் அவருக்கு வேலை சொல்கிறார், விடுப்புத் தருகிறார், திட்டுகிறார், வீட்டுக்கு அனுப்புகிறார் என்றால், சட்டைக்கு ஏழு வண்ணம் அடித்தாலும் நீதிமன்றத்தில் அது உங்களைக் காப்பாற்றாது. ஆலோசகர்கள் மாற்றச் சொல்வது சட்டை, பேருந்து, பந்தி போன்றவற்றைத்தான், ஏனென்றால் அவற்றை மாற்றச் செலவு குறைவு. வழக்கின் அடிப்படையான மேற்பார்வையை அவர்கள் தொடுவதில்லை, ஏனென்றால் அதைத் தொட்டால் உற்பத்தி நின்றுவிடும்.

அடுத்து கேன்டீன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் ‘தொழிலாளர்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்ட வரையறையிலேயே ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரும் அடங்கியிருந்தார். 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்று அச்சட்டத்தின் 46ஆம் பிரிவு சொன்னபோது அந்தக் கணக்கில் அவரையும் சேர்த்தே எண்ணினார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதை 100 ஆகக் குறைத்தது, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து என்று வெளிப்படையாகவே எழுதியது. அதன் 53ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி இந்த நல வசதிகளைத் தருவது முதலில் ஒப்பந்ததாரரின் கடமையாக இருந்தது, அவர் தவறினால்தான் ஆலை பொறுப்பேற்று, செலவை அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். இப்போதோ அந்தக் கடமை நேராக முதன்மை வேலையளிப்பவர் தலையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. சட்டம் கட்டளையிட்ட ஒன்றைச் செய்ததற்காக உங்கள் மேல் ‘போர்வை ஒப்பந்தம்’ என்ற பழி விழும் என்று வாதிடுவது கடினம்.

ஆகவே அம்மா, ‘சட்டச் சிக்கல்’ என்று யார் சொன்னாலும், எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாம் தளம் எழுதியது:

‘ஒரு குடும்பம் போல’ என்று லேத்துக்காரர் அண்ணன் எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் நல்ல மனத்தோடு சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் பல ஆண்டுகள் புடவைப் பிரிவில் நின்ற சென்னைத் துணிக்கடையிலும் முதலாளி தீபாவளிக்கு முன்தினம் எங்களைக் கூட்டி வைத்து இதே வார்த்தையைத்தான் சொல்வார். குடும்பம் என்பதால் கூடுதல் நேர ஊதியம் கேட்கக் கூடாது. குடும்பம் என்பதால் கழிப்பறைக்குப் போகும்போது தளப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குடும்பம் என்பதால் விடுதிக்கு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதையும் கடையே முடிவு செய்யும். வாடிக்கையாளர் இல்லாத பிற்பகல் வேளையில் கூட உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சோம்பேறி என்று பொருள்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல்காரர் தொடங்கிய பெண்கூட்டு அமைப்பின் வழியாக உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் கேரளச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரச் செய்தார்கள். அதைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் கொண்டுவந்த முன்வரைவினால் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கிடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வேண்டும் என்பதே அதன் சாரம்.

சட்டம் வந்த பிறகு எங்கள் தளத்திலும் முக்காலிகள் வந்தன. முதல் சில வாரங்களுக்கு அவற்றில் துணிக்கட்டுகள்தாம் உட்கார்ந்திருந்தன. நாங்கள் உட்காராததற்குக் காரணம், உட்கார்ந்தவரைப் பொறுப்பாளர் பார்த்த பார்வை. பிறகு வேறொருவர் பொறுப்பாளராக வந்தார். அவர் தாமே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதத் தொடங்கினார். அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தோம். பாலாற்றங்கரை அவர்களே, பொருளைக் கொண்டுவந்து வைப்பது உங்கள் பிரிவின் வேலை என்றால், அதைப் பயன்படுத்தத் துணிவு தருவது மேஸ்திரியின் கையில் இருக்கிறது. உங்கள் திட்டத்தில் பனியனுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை மேஸ்திரிகளுக்குப் பயிற்சி தரச் செலவிடுங்கள்.

நொய்யல் எழுதியது:

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் உற்பத்திப் பொறுப்பில் இருக்கிறேன். இதுவரை யாரும் மொழியைப் பற்றிப் பேசவில்லை என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன். எங்கள் ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் பிரிவுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் பெரும்பங்கினர். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவியபோது, எங்கள் ஊர் இரயில் நிலையத்தில் கூடிய கூட்டத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. எங்கேயோ எடுத்த காட்சிகளை இங்கே நடந்தவை என்று காட்டியிருந்தார்கள் என்பது அனைவருக்கும் பின்னர் தெரிந்தது.

என் கவனத்துக்கு வந்தது வேறொன்று. பக்கத்துப் பக்கத்தில் இருந்த கம்பெனிகளில் ஒன்றில் பாதிப் பேர் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள், மற்றொன்றில் சிலர்தான் கிளம்பினார்கள். கூலியில் பெரிய வேறுபாடு கிடையாது. அதிகம் பேர் தங்கிய இடத்தில், அவர்கள் மொழி பேசுகிற, அவர்களுக்குள்ளிருந்தே வந்த ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். கைப்பேசியில் வந்த காணொளியை அவரிடம் காட்டி ‘இது உண்மையா’ என்று கேட்க முடிந்தது. மற்ற இடத்தில் அவர்கள் கேட்கக்கூடிய ஒரே ஆள் ஊரிலிருந்து அழைத்துவந்த தரகர், அவரோ அவர்களுக்கு முன்னால் வண்டி ஏறிவிட்டார். ஐயம் வரும்போது கேட்பதற்கு ஆலைக்குள் ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் அந்த வாரத்தில் தீர்மானித்தது என்று நான் கருதுகிறேன்.

விடுப்புக் கணக்கும் இருக்கிறது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் அவர்களுக்குச் சட் பூஜை. நாம் தீபாவளிக்குச் சில நாள் விடுமுறை விட்டு உடனே வரச் சொன்னால், சொல்லாமல் போவார்கள், திரும்புவது எப்போது என்று தெரியாது. தீபாவளியிலிருந்து சட் பூஜை முடியும் வரை ஒரே தொடர் விடுப்பாகத் தந்து, அதை ஜூலையிலேயே அறிவித்துவிட்டால் இரயிலில் முன்பதிவு செய்துகொள்கிறார்கள், திரும்பும் சீட்டையும் சேர்த்தே எடுக்கிறார்கள். விடுதிச் சமையலில் வாரத்தில் சில நாளாவது கடுகெண்ணெயும் உருளைக்கிழங்கும் சப்பாத்தியும் இருக்கட்டும் என்று நான் கேட்டபோது கணக்குப் பிரிவில் சிரித்தார்கள், இப்போது சிரிப்பதில்லை. கடைசியாக, வேலையிடத்தில் ‘வடக்கன்’ என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டும். பெயர் வாயில் நுழையவில்லை என்பது சாக்கு. அமெரிக்க வாங்குநரின் பெயரெல்லாம் நமக்கு நன்றாகவே நுழைகிறது.

துரைப்பாக்கம் எழுதியது:

மென்பொருள் துறையும் இதற்கு விலக்கல்ல என்று பதிவு செய்ய மட்டும் வந்தேன். இங்கே சட்டைக்குப் பதில் அடையாள அட்டை தொங்கும் கழுத்துப்பட்டையின் நிறம். வாடிக்கையாளர் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரே குழுவில் உழைத்தாலும், ஒப்பந்தப் பணியாளரின் பெயர் மின்னஞ்சல் குழுவில் இருக்காது. அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறது என்ற செய்தியைக் காவலாளி சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. செய்தி யாருக்கு முதலில் வருகிறது, யாருக்கு வராமலே போகிறது என்பதையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவே இல்லை.

லேத்துக்காரர் எழுதியது:

மூன்றாம் தளம் எழுதிய தங்கையின் கோபம் எனக்குப் புரிகிறது. என் பட்டறையில் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம் தருகிறேன், அதனால்தான் அந்த வார்த்தையைக் கூச்சமில்லாமல் சொன்னேன். வழக்கறிஞர் ஐயா, கேன்டீன் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் நிலைக்க மாட்டார் என்று தெரிந்தே நாம் அவரை எடுக்கிறோம். நிலைக்காதவரிடம் ‘இது உன் ஆலை’ என்று சொல்வது அவரை ஏமாற்றுவது ஆகாதா?

பழைய பெரம்பூரான் எழுதியது:

இந்த இழையில் வந்தவற்றுள் நேர்மையான கேள்வி இதுதான். என் கருத்து கடுமையானது: ஏமாற்றுவதுதான். ஆண்டு முழுவதும் நடக்கிற, ஆலையின் உயிர்நாடியான வேலைக்கு ஒப்பந்த ஆளை வைத்துக்கொண்டு, அவரிடம் உரிமையுணர்வை மட்டும் எதிர்பார்ப்பது முறையாகாது. முதலில் அந்த வேலைகளை நிரந்தரமாக்குங்கள். உணர்வு வேண்டும் என்று தனியாகத் திட்டம் போட வேண்டிய தேவை பெரும்பாலும் அதோடு போய்விடும். குறைந்தபட்சம், ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகள் 1971இலேயே சொன்னதையாவது கடைப்பிடியுங்கள். பக்கத்தில் நின்று அதே நட்டை முடுக்குகிறவனுக்கு என்னைவிடப் பாதிச் சம்பளம் என்று தெரிந்தால், அவனும் என்னோடு சகஜமாகப் பேச மாட்டான், நானும் அவன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன். நிர்வாகம் தொழிலாளிகளுக்குள் ஒற்றுமை குறைந்துவிட்டது என்று வருந்துவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நொய்யல் எழுதியது:

பெரியவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, முழுவதும் உடன்படவில்லை. எங்கள் ஊரில் பலர் தாங்களே நிரந்தரத்தை விரும்புவதில்லை. பீஸ் ரேட்டில் நான்கு மாதம் உழைத்து, அறுவடைக்கு ஊர் போய்த் திரும்புவதே அவர்கள் கணக்கு. நிரந்தரம் வரும்வரை காத்திருந்தால் இன்றைக்கு இரண்டாம் பந்தியில் நிற்கிறவருக்கு நாம் சொல்ல ஒன்றும் இருக்காது. ‘இது உன் ஆலை’ என்று சொல்ல வேண்டாம். ‘நீ இங்கே இருக்கும்வரை உனக்கு இங்கே குறைவான இடம் கிடையாது’ என்று நடந்துகொள்ளலாம், அதில் ஏமாற்று இல்லை.

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குடும்ப விழாவை நிர்வாகம் விடாது என்று தோன்றுகிறது, ஆனால் அதற்கு ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களையும் அழைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். குறிப்பின் முதல் பக்கத்தில் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்: ஷிப்டுக்கு ஒரே சாப்பாட்டு நேரமும் ஒரே பிடித்தமும், அறிவிப்புப் பலகையில் தமிழோடு இந்தியும் ஒடியாவும், ஒப்பந்தத் தொழிலாளருக்குள்ளிருந்தே பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி. சம்பள வேறுபாட்டைத் தனி இணைப்பாகப் பட்டியலிட்டுத் தருகிறேன். அதைப் படித்துவிட்டு என்ன சொல்வார்கள் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் எண்கள் கோப்பில் இருக்கட்டும்.

வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் கேன்டீன் குழுவில் இப்போது நிரந்தரத் தொழிலாளர் மட்டுமே உறுப்பினர். அதில் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதினால் மறுபடியும் ‘சட்டச் சிக்கல்’ என்பார்கள். என்ன பதில் சொல்லலாம்?

வழக்குமன்ற வாசல் எழுதியது:

கேன்டீன் நிர்வாகக் குழு, அதில் தொழிலாளர் பிரதிநிதித்துவம் ஆகிய இரண்டுமே பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவில் விதி வகுக்க வேண்டியவையாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவை. அங்கே இருந்தது ‘தொழிலாளர்’ என்ற சொல் மட்டுமே, ‘நிரந்தர’ என்ற அடைமொழி இல்லை. தொழிலாளர் யார் என்பதை மேலே எழுதியிருக்கிறேன். புதிய தொகுப்புச் சட்டத்தின் கீழ் மாநில விதிகள் எந்த வடிவில் இருக்கின்றன என்பதைச் சரிபார்த்துக்கொண்டு, அந்தச் சொல்லை அப்படியே மேற்கோளாக வைத்துக் குறிப்பை அனுப்புங்கள். ஒருவரைச் சேர்ப்பதைவிட இருவரைச் சேர்க்கக் கேளுங்கள், தனியாக ஒருவர் அந்த மேசையில் வாய் திறக்க மாட்டார். அவர்களுள் ஒருவராவது இரவு ஷிப்டில் சாப்பிடுகிறவராக இருக்கட்டும்.